நாகேஸ்வரி அக்காவின் சால்வை

இந்தக் கடைக்குக் கம்பளி நூல் வாங்க வருகிறவர்களைவிடக் கழிவறை எங்கே என்று கேட்க வருகிறவர்கள்தான் அதிகம், தம்பி. போரோனியா ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கடை வைத்தால் அப்படித்தான். நான் யாரையும் முகம் சுளித்து அனுப்பியதில்லை. வழி சொல்லுவேன். அவசரம் என்று தெரிந்தால் பின்கதவைத் திறந்தும் விடுவேன். இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் என்னைப் பற்றி இதைத்தான் சொல்லுவார்கள்.

நீர் அந்தக் கதிரையில் இரும். நான் நின்றபடியே பேசுகிறேன். எனக்கு ஓரிடத்தில் இருக்க வராது. நீர் சிட்னியிலிருந்து நேராக இங்கே வந்து, கதவு மணி அடித்து ஓயுமுன், "ஏன் அன்ரி இப்பிடிச் செய்தனீங்கள்?" என்று கேட்டீர். குரலை உயர்த்தாமல் கேட்டீர். அதனால்தான் நானும் ஒளிக்காமல் சொல்கிறேன். போலீசிடம் போவதாக இருந்தால் போம். அங்கேயும் இதைத்தான் சொல்லுவேன்.

என் கணவர் என்னை விட்டுப் போன பிறகு ரோவில் என்கிற ஊரில் இருந்த வீட்டில் அறைக்கு அறை நடந்துகொண்டே இருந்தேன். டிவியைப் போடுவேன், நிறுத்துவேன். குசினியில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கவைத்துவிட்டு ஊற்றாமலே வெளியே போவேன். காரை எடுத்துக்கொண்டு மலையடிவாரம் வரை ஓட்டிப்போய், இறங்காமலே திரும்பி வருவேன். கைக்கு வேலை கொடுத்தால் கால் அடங்கும் என்று யாரோ சொன்னார்கள். ஃபெல்ட் செய்யப் பழகினேன். கம்பளிப் பஞ்சைக் குவித்து, சிறு முட்கள் வைத்த ஊசியால் குத்திக் குத்தி இறுக்கி உருவம் ஆக்குகிற வேலை. விரலெல்லாம் குத்துப்பட்டேன். கால் அடங்கவில்லை. ஆனால் அந்த வேலையே நாளடைவில் இந்தக் கடையாயிற்று.

புதன்கிழமைக் கூட்டத்தை ஊருக்காகத்தான் தொடங்கினேன். குறைமாதக் குழந்தைகளுக்குத் தொப்பி பின்னி ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தோம். பிறகு நூலகத்துச் சுவருக்கு ஒரு பெரிய ஃபெல்ட் படம் செய்து தர ஒப்புக்கொண்டோம். டண்டனோங் மலை, பெரணி மரங்கள், மஞ்சள் கொண்டை வைத்த வெள்ளைக் கிளிகள். பெண்கள் வந்தார்கள், போனார்கள். பேரப்பிள்ளையின் நீச்சல் வகுப்பு என்றார்கள், முழங்கால் வலி என்றார்கள், குயின்ஸ்லாந்துக்கு வீடு மாறுகிறோம் என்றார்கள். ஒவ்வொருத்தி நின்றுபோகும்போதும் எனக்குள் அந்த நடை திரும்பத் தொடங்கும்.

அப்போதுதான் உம்முடைய அம்மா, நாகேஸ்வரி அக்கா, வந்தார். உம்முடைய அப்பா காலமாகிச் சில மாதம் ஆகியிருந்தது. ரோவிலிலிருந்து பஸ் பிடித்து வந்து, அந்த ஜன்னலோரம் இருந்து, குனிந்த தலை நிமிராமல் ஒரு கிளியைச் செய்து முடித்தார். அந்தக் கிளி தலையைச் சரித்து எங்களைப் பார்த்தது, தம்பி. மற்றவர்கள் செய்ததெல்லாம் கோழி மாதிரி இருந்தது. எல்லாரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். "அவர் போனபிறகு இண்டைக்குத்தான் சிரிச்சனான், இரஞ்சிதம்," என்றார்.

அன்று முழுக்க நான் ஒருமுறைகூட எழுந்து நடக்கவில்லை. அது எனக்குப் பின்னேரம் கடையைப் பூட்டும்போதுதான் தெரிந்தது. இதை நீர் விளங்கிக்கொள்ள வேண்டும். அவர் பக்கத்தில் இருந்தால் என் கால்கள் சும்மா இருந்தன. வேறெந்த மருந்தும் அதைச் செய்யவில்லை.

பிறகு நான்தான் அவரைக் காரில் ஏற்றி இறக்கினேன். சனிக்கிழமைகளில் த பேசின் என்கிற இடத்துப் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். அவருடைய வீட்டுத் திறப்பில் ஒன்றை, வாசல் சாவியை, என்னிடம் தந்து வைத்தார். நீர் போனில், "நீங்கள் பக்கத்திலை இருக்கிறது எங்களுக்குப் பெரிய நிம்மதி அன்ரி," என்று சொன்னீர். ஞாபகம் இருக்கும்.

அப்புறம் உம்முடைய மனைவி பிள்ளைத்தாய்ச்சி என்று செய்தி வந்தது. அக்கா கடைக்குள் வரும்போதே முகம் விளக்குப் போட்டது மாதிரி இருந்தது. "பிரஷாந்தன் என்னைச் சிட்னிக்கே வந்திரச் சொல்லுறான். பிள்ளையை நான்தான் பாக்கவேணுமாம். வீட்டை விக்கப் போறன்," என்றார். பிள்ளைக்கு ஒரு சால்வை பின்ன வேண்டும், நல்ல மெரினோ நூலாக எடுத்துத் தா என்றார். நான் எடுத்துக் கொடுத்தேன். இருப்பதிலேயே மெல்லிய நூல், பால் நிறம். அதில் எனக்கு எந்தக் கள்ளமும் இல்லை.

இரும், அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு வருகிறேன். காலையில் வெயில் எரித்தது, இப்போது பாரும், மழைக்காற்று.

பின்னலை அவர் கடையிலேயே கூடையில் வைத்துவிட்டுப் போவார். ஒரு நாள் பார்த்தபோது ஓரிடத்தில் உண்மையாகவே ஒரு கண்ணி நழுவியிருந்தது. அதைத் திருத்தத்தான் உருவினேன். கம்பளி நூலை உருவுவது சுகமான வேலை. ஒரு நுனியை இழுத்தால் வரிசை வரிசையாக, சத்தமில்லாமல் வரும். நான் வேண்டியதைவிடக் கூட உருவிவிட்டேன். மிச்சக் கண்ணிகளைப் பத்திரமாக ஊசியில் ஏற்றி, நூலைச் சுற்றி, கூடையில் இருந்தபடியே வைத்தேன். பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

அடுத்த புதன் அவர் சால்வையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"நான் இந்தப் பூவரிசையை முடிச்சனான் எல்லோ?"

"இல்லை அக்கா. அடுத்த கிழமை தொடங்கப் போறன் எண்டுதானே சொன்னனீங்கள்."

அவ்வளவுதான் நான் சொன்னது. அவர் தலையாட்டிவிட்டு, முதலிலிருந்து அந்தப் பூவரிசையைப் பின்னினார். வீட்டை விற்பது பற்றி அன்று அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு நல்ல நித்திரை.

அதன் பிறகு அது ஒரு பழக்கமாயிற்று. எல்லா வாரமும் செய்யவில்லை. எல்லா வாரமும் செய்தால் சந்தேகம் வரும் என்பதற்காக அல்ல, அவர் மேல் எனக்கு இரக்கம் இருந்தது. அவருடைய கண்ணாடியை இடம் மாற்றி வைத்தேன். வருகிற புதன் கூட்டம் இல்லை என்று சொல்லிவிட்டு, அன்று காலை போன் எடுத்து, "ஏன் அக்கா இன்னும் வரேல்லை? எல்லாரும் பாத்துக்கொண்டு இருக்கினம்," என்றேன். அவர் அவசரத்தில் சேலையைச் சரியாக உடுத்தாமல் ஓடி வந்தார். எல்லாரும் பார்த்தார்கள். கூட்டத்துக்கு வருகிற ஒரு கிரேக்கப் பெண்மணி கண்ணைத் துடைத்தார். அவருடைய தாய்க்கும் மறதி அப்படித்தான் தொடங்கியதாம்.

"எனக்கு என்னவோ நடக்குது, இரஞ்சிதம்," என்றார் அக்கா. "தலைக்குள்ளை ஏதோ கழண்டு போகுது."

"வயசுக்கு இதெல்லாம் வாறதுதான். நான் இருக்கிறன்தானே," என்றேன். அது பொய் இல்லை. நான் இருந்தேன்.

டாக்டரிடம் கூட்டிப்போனதும் நான்தான். நீர் போனில் நன்றி சொன்னீர். டாக்டர் நல்ல மனிதர், ஆனால் வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். மொழிபெயர்ப்பாளருக்குப் போன் எடுக்கட்டுமா என்று கேட்டார். நான் இருக்கிறேன், அவருடைய தங்கை மாதிரி என்றேன். மூன்று சொல்லைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். எலுமிச்சம்பழம், திறப்பு, பலூன். அக்கா மூன்றையும் சொன்னார். நான் டாக்டரிடம், எலுமிச்சம்பழம் என்கிறார், பிறகு எதையோ திறப்பது பற்றிச் சொல்கிறார் என்றேன். திறப்பு என்றால் சாவியும்தான், திறக்கிறதும்தான், தம்பி. பலூனை நான் சொல்லவில்லை. டாக்டர் எழுதிக்கொண்டார். அக்கா என் முகத்தைப் பார்த்தார். "சரியாச் சொன்னனானோ?" என்று கேட்டார். நான் அவர் கையைத் தடவிக் கொடுத்தேன்.

பிறகு மறதிக்குப் பார்க்கிற பெரிய டாக்டரிடம் போனபோது அதுவும் தேவைப்படவில்லை. அங்கே போனில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். அதற்குள் அக்காவுக்குத் தன்மேலேயே நம்பிக்கை போய்விட்டது. இன்று என்ன கிழமை என்று கேட்டதற்கு என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எல்லாக் கேள்விக்கும், "தெரியேல்லை," என்றார். தெரிந்ததற்கும் அப்படித்தான் சொன்னார்.

நீர் அப்போதும் அவரைச் சிட்னிக்குக் கூட்டிப்போவதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தீர். மறதி என்றால் என்ன, எங்களோடு இருக்கட்டும் என்றீர். நல்ல பிள்ளை நீர். அது எனக்குப் பிடித்திருந்தது, கஷ்டமாகவும் இருந்தது. திரும்பவும் நடக்கத் தொடங்கினேன். கடையில் ஆட்கள் இருக்கும்போதுகூட நூல் அடுக்குகளுக்கு நடுவே போய்ப் போய் வந்தேன். "ஆர் யூ ஓகே, லவ்?" என்று கேட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப்போக அவர் வீட்டுக்குப் போனேன். திறப்பு என்னிடம் இருந்தது. உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அக்கா குளித்துக்கொண்டிருந்தார். குசினியில் அடுப்பு அணைந்திருந்தது. முதல் நாள் பொரித்த எண்ணெய் தாச்சியில் அப்படியே இருந்தது. துடைக்கிற துணி பக்கத்தில் கிடந்தது. அவர் எப்போதும் துணியை அடுப்போரம்தான் போடுவார். நான் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன்.

நான் அடுப்பைப் பற்றவைத்தேன். முழுவதுமாகத் திருப்பி வைத்தேன். பிறகு வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, காருக்குள் இருந்தேன்.

அவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றுதான் இருந்தேன். கேட்டால் உடனே ஓடலாம் என்று காரின் கண்ணாடியை இறக்கி வைத்திருந்தேன். புகை மணி அடித்தது. நான் இறங்கவில்லை. உள்ளே இருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் என்னை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார் அல்லவா. கொஞ்சம் பொறுத்தேன். எனக்கு அப்போது கால் மிக அமைதியாக இருந்தது. அதை நான் கவனித்தேன். பிறகு அவரே வெளியே வந்தார், ஈரத் தலையோடு, இடக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. தாச்சியைத் தூக்கப் பார்த்திருக்கிறார். உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. அவர் வராமல் இருந்திருந்தால் நான் உள்ளே போயிருப்பேன். போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

"நான் அடுப்பை மூட்டவே இல்லை, இரஞ்சிதம்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மூட்டினனானோ?" என்றார்.

ஆம்புலன்ஸ் வரும் வரை அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன்.

நீர் அடுத்த விமானத்தில் வந்தீர். ஆஸ்பத்திரி நடையில் அழுதீர். நான்தான் உமக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தேன். சிட்னிக்கு வரமாட்டேன் என்று முடிவாகச் சொன்னது அம்மாதான், நீர் கேட்டீர்தானே. "பிள்ளையைக் கையிலை வச்சிருக்கேக்கை நான் மறந்து போனா என்ன செய்யிறது, தம்பி? என்னை இஞ்சையே எங்கையாவது விட்டிடு." அந்த வார்த்தையை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. முதியோர் இல்லத்தை மட்டும் நான் பார்த்துக் கொடுத்தேன். கடையிலிருந்து நடக்கிற தூரம்.

உம்முடைய மகளை நீங்கள் இருவரும் கொண்டுவந்து காட்டிய நாளில் நானும் அங்கே இருந்தேன். நீர் பிள்ளையை நீட்டினீர். அக்கா கதிரையில் இருந்தபடியே இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். "நான் பாக்கிறன், பாக்கிறன், நீயே வச்சிரு," என்றார். பிள்ளை அவரைப் பார்த்துச் சிரித்தது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். எனக்கும் மனம் இருக்கிறது.

அங்கேயும் அவர் சால்வையை விடவில்லை. நானும் போனபோதெல்லாம், அவர் சாப்பிடப் போகிற நேரத்தில் கொஞ்சம் உருவினேன். முடிந்துவிட்டால் உமக்கு அனுப்பிவிடுவார், பிறகு என்ன செய்வார், சும்மா இருப்பார். கையில் வேலை இருப்பது நல்லதுதானே.

அந்த நர்ஸ் பிள்ளை ஹரிப்பிரியா, சேலத்துக்காரி, அவள்தான் ஒரு நாள் என்னை வாசலில் நிறுத்தினாள். "ஆன்ட்டி, காலைல நான் பாத்தப்ப இது இன்னும் நீளமா இருந்துச்சு. நீங்க வந்துட்டுப் போனா மட்டும் எப்படிக் குறையுது?" என்று கேட்டாள். உனக்குப் பின்னல் தெரியாது அம்மா என்றேன். "ஆமா, தெரியாது. ஆனா போட்டோ எடுக்கத் தெரியும்," என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். பிறகு ஃப்ளூ பரவுகிறது என்று இல்லத்தில் பார்வையாளர்களை நிறுத்தினார்கள். நான் வாசல் வரை போய்ப் போய்த் திரும்பினேன். அந்த இடைவெளியில் அக்கா சால்வையை முடித்துவிட்டார். நல்ல மொழிபெயர்ப்பாளரை வைத்துத் திரும்பச் சோதித்தபோது எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாராம். பிரதமர் பெயர்கூட. ஹரிப்பிரியா உமக்குப் போன் எடுத்தாள். இப்போது நீர் என் முன்னால் இருக்கிறீர்.

நீர் சால்வையைப் பற்றி மட்டும்தான் கேட்க வந்தீர் என்று உம் முகத்தில் தெரிகிறது. அடுப்பைப் பற்றி உமக்குத் தெரியாது. நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னதை வைத்து நான் எப்படிப்பட்டவள் என்று நீர் யோசிக்க வேண்டும். கெட்டவள் இதைச் சொல்ல மாட்டாள்.

அம்மாவை நாளைக்கே கூட்டிப்போகிறீர் என்றீர். நல்லது. ஆனால் அவர் சட்டென்று பழைய ஆள் ஆகிவிடுவார் என்று நினைக்காதீர். நேற்று இல்லத்தில் அவருடைய அறையின் திறந்த ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். பல் துலக்கிவிட்டு, துலக்கினேனா என்று ஹரிப்பிரியாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவரைப் புது ஊரில் பகல் முழுக்கத் தனியே விட முடியாது. நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். அவரைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நீர் ஒரு நாள் இப்படிக் கூட்டிப்போவீர் என்று தெரிந்துதான் போன மாதமே சிட்னிக்கு வந்தேன். பெண்டில் ஹில்லில், ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு கடை காலியாக இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து ஒரு தெருதான். உங்கள் வாசலைக் கடந்தும் நடந்து பார்த்தேன், முன்பக்கம் பிள்ளையின் தள்ளுவண்டி நின்றது. கடையைப் பேசி முடித்துவிட்டேன். புதன்கிழமைகளில் கூட்டம் வைக்கலாம், நல்ல வெளிச்சமான இடம்.

நீர் ஏன் எழும்புகிறீர்? இரும், தம்பி. அக்கா இன்னும் பிள்ளையைத் தூக்கப் பயப்படுவார். அவர் பயந்தால், நான் தூக்கிக்கொள்கிறேன்.