கத்துவதற்கு ஓர் ஆள்

தவளக்குப்பத்தில் பேருந்து கிளம்பியதும் பின்சீட்டிலிருந்து அந்தப் பேச்சு காதில் விழுந்தது.

“நல்லா பாடுறவனச் சேத்தா நம்ம பேண்டு கெட்டுடும் மச்சான்.”

மூன்று இளைஞர்கள். சொன்னவன் மடியில் கித்தார் பை. நடுவில் இருந்தவன் கழுத்தில் மஃப்ளர். அவர்கள் ராக் பேண்டில் பாடுவதற்குப் பதிலாகக் கத்துபவன் அவன்தான். தொண்டை கட்டியதால் டாக்டர் ஒரு வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்றிருக்கிறார்.

“ஞாயித்துக்கெழம மூலக்குளம் மொட்டமாடில ஷோ,” என்றான் மூன்றாமவன். “கித்தார் மெதுவா போயி திடீர்னு இடி மாதிரி எறங்குதில்ல, அங்க கத்த ஆள் வேணாமா? சர்ச் கொயர்ல பாடுற பிரான்சுவாவக் கூப்புடுவோம்.”

“அந்தக் கொயர்லேர்ந்து நம்மளத் தொரத்துனதாலதானடா பேண்டே ஆரம்பிச்சோம்? அவன் கத்துனாகூட சுதி சேத்துதான் கத்துவான்.”

“பரவால்ல.”

மஃப்ளர்காரன் இருவரையும் முறைத்து, வேண்டாம் என்று வேகமாகத் தலையாட்டினான்.

“ஜெரோம், நீ பேசக் கூடாது,” என்றான் மூன்றாமவன். “ஞாயித்துக்கெழம கீழ நின்னு பிரான்சுவாவுக்குக் கை தட்டு, போதும்.”

“டேய்ய்ய்ய்!”

ஜெரோம் போட்ட கத்தலில் ஓட்டுநர் பிரேக் அடித்தார். யார் காலை யார் மிதித்தது என்று கேட்டபடி நடத்துநர் பின்னால் ஓடி வந்தார்.

“ஒண்ணுமில்லண்ணே,” என்றான் மூன்றாமவன். “ஷோவுக்கு ஆள் கெடச்சிட்டான்.”