தரையிலிருந்து எவ்வளவு

பஸ் கயத்தாறு தாண்டியதும் முன் இருக்கையில் ஒரு அம்மாவின் குரல் கேட்டது.

“ஏட்டி, பொட்டக் காட்டுல எதுக்குக் குடிசை வரைஞ்சிருக்கான்?”

விமானிப் பயிற்சியில் இருக்கும் மகளின் மடியில், விமானம் தரையிறங்கும் வழிக்கான வரைபடம்.

“குடிசை இல்லம்மா. பிளேன் மோதிரக் கூடாதுன்னு உசரமா நிக்கிறதுக்குப் போடுத குறி. நம்ம ஊருக்கு மேக்க நிக்குதே, அந்தக் காத்தாடி.”

அம்மா ஜன்னலுக்கு வெளியே சுழலும் காற்றாலைகளைப் பார்த்தாள்.

“ஒன் அண்ணன் வேலை பாக்கையில விழுந்தானே, அதுவா?”

“ஆமாம்மா.”

“பொடிப்பொடியா ரெண்டு நம்பர் தெரியுதே?”

“ஒண்ணு கடல்மட்டத்துலருந்து உசரம். அடைப்புக்குறிக்குள்ள இருக்கது தரையிலருந்து.”

“தரையிலருந்து எவ்வளவுட்டி? இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லல.”

மகள் அந்த எண்ணின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்தாள். பஸ்ஸை விட்டு இறங்கும்வரை எடுக்கவில்லை.