வாசலில் நிற்கும் சிவப்புக் கார்

பெட்ரோல் விலை ஏறிய வருடம். திருச்செந்தூர் பேருந்தில் நின்றவர்கள் மட்டும் இருபத்துமூன்று பேர். எனக்கு முன்னால் நின்ற இளைஞன், பக்கத்தில் நின்ற தன் தெருக் கடைக்காரரைப் பார்த்துக் கேட்டான்.

“வாசல்ல புதுசா செவப்புக் காரு நிக்கு, நீங்க பஸ்ல தொங்குதிய அண்ணாச்சி?”

“மெதுவாப் பேசுலே. அது மாச வாடகைக்கு எடுத்தது. ஆறுமுகநேரி உப்பள மொதலாளி காரு.”

“சொந்தமா வாங்கிருக்கலாம்லா?”

“பையனுக்குப் பொண்ணு அமையுத வரைக்கும் வாசல்ல நின்னாப் போதும்னு நெனச்சேன்.”

“அமைஞ்சுதா?”

“அமைஞ்சிட்டு. சாத்தான்குளத்துச் சம்பந்தி காரைச் சுத்திச் சுத்திப் பாத்தாரு. ‘மாப்பிள்ளைக்குச் சீரா ஒரு காரு குடுக்கலாம்னு இருந்தேன். உங்ககிட்டதான் இவ்வளவு ஜோரான காரு இருக்கே, இன்னொண்ணு எதுக்கு’ன்னுட்டாரு.”

இளைஞன் சிரிப்பை அடக்கச் சிரமப்பட்டான்.

“உண்மையச் சொல்லிர வேண்டியதுதான?”

“சொன்னா கல்யாணமே நின்னுரும். மருமவ வந்த பொறவும் காரு வாசல்ல நிக்கணும்லா? அதான் வெலைக்கே வாங்கிரலாம்னு போறேன்.”

“மொதலாளி தருவாரா?”

“தருவாரு. விஷயம் அவரு காதுக்கும் போயிட்டு. புதுக் காரு வெலையை விடக் கூடக் கேக்காரு.”