ஆறாம் அறையின் மீட்டர்

கணினியில் இயங்குதளம் மாற்றுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை, ஐயா. கேட்கிற கேள்விக்கெல்லாம் சரி, சரி என்று அழுத்திக்கொண்டே போனால் அதுவே ஏறிக்கொள்ளும். பொறுமைதான் வேண்டும். எனக்கு அது நிறைய உண்டு என்று என் தங்கை சொல்வாள். இப்போது கேட்டால் என்ன சொல்வாளோ தெரியாது.

எங்கள் குளிர்பதனக் கிடங்கில் ஆறு அறைகள். குளிரூட்டுவதற்குக் குழாய்களில் அமோனியா ஓடுகிறது. கசிந்தால் ஆளைக் கொன்றுவிடும் என்பதால் அறைக்கு ஒரு மீட்டர். ஆறும் ஒரே கணினிக்கு வந்து சேரும். அளவு மீறினால் சைரனை அடிப்பதும், எக்ஸாஸ்ட் ஃபேன்களை ஓட விடுவதும் அந்தக் கணினிதான். மற்ற நேரத்தில் திரையில் பச்சை. பச்சை இருந்தால் முகமூடி இல்லாமல் உள்ளே போகலாம். அந்தக் கட்டடத்தில் லேசான வாடை எப்போதும் உண்டு, மூக்கை நம்பி வேலை பார்க்க முடியாது.

இரண்டு இடத்தில் வேலை போய் நின்றவனை இங்கே சேர்த்துவிட்டவர் தங்கையின் கணவர். கிடங்கு மேற்பார்வையாளர். எங்க மச்சான் கை வைத்தால் எந்த மெஷினும் பேசும் என்று மேலாளரிடம் சொல்லியிருந்தார். அவர் சொன்ன வார்த்தை கெட்டுப்போகக் கூடாது. எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

பழைய இயங்குதளத்துக்கு இனி பாதுகாப்பு இல்லை, தணிக்கைக்கு முன்னால் மாற்றிவிடு என்றார் மேலாளர். மாற்றினேன். ஐந்து மீட்டர்கள் உடனே பதில் சொல்லின. ஆறாவது பின்னால் வாங்கிச் சேர்த்தது, வேறு கம்பெனி. அதன் டிரைவர், அதாவது மீட்டரைக் கணினியோடு பேச வைக்கிற மென்பொருள், பழையதில் மட்டும்தான் ஓடும். அந்தக் கம்பெனியை மூடியே பல வருஷம் ஆயிற்று. ஆறும் பதில் சொன்னால்தான் கண்காணிப்பு மென்பொருள் திறக்கும்.

பழையதற்கே திரும்பியிருக்கலாமே என்பீர்கள். பழைய டிஸ்க்கை நகல் எடுக்காமல் அழித்துவிட்டேன். கற்றுக்குட்டிகூடச் செய்யாத தப்பு. அதை யாரிடமும் நான் சொல்லவில்லை.

மூன்று நாள் போராடினேன். பழைய டிரைவரை வலுக்கட்டாயமாக ஏற்றிப் பார்த்தேன். புதியதற்குள்ளேயே பழைய இயங்குதளத்தைத் தனியாக ஓட்டிப் பார்த்தேன். எதுவும் நடக்கவில்லை. கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த மூன்று நாளும் மாப்பிள்ளை கையில் பிடிக்கிற மீட்டரோடு அறை அறையாக நடந்தார்.

"மெஷினைப் பேச வைப்பார்னு சொன்னீங்க, உங்களையில்ல நடக்க வைக்கிறாரு" என்றார் மேலாளர், என் முன்னாலேயே. மாப்பிள்ளை சிரித்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

நான்காம் நாள் காலையில் பன்னிரண்டு வரியில் ஒரு நிரல் எழுதினேன். ஐந்தாம் அறையின் அளவை எடுத்து, ஆறாம் அறையின் பதில் என்று அது கொடுக்கும். மென்பொருள் திறந்துகொண்டது. ஆறும் பச்சை. மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை கை மீட்டரை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. புதிய மீட்டர் வேண்டும் என்று எழுதிக் கேட்க நினைத்தேன். கேட்டால் ஏன் என்பார்கள். அப்படியே பதினொரு வாரம் ஓடிவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் ஆறாம் அறை வாசலிலிருந்து மாப்பிள்ளை போன் செய்தார்.

"மச்சான், இன்னிக்கு வாடை கொஞ்சம் தூக்கலா இருக்கு. ஸ்க்ரீன்ல என்ன காட்டுது?"

சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். எதிரே மேலாளர் உட்கார்ந்திருந்தார்.

"பச்சைதான் மாப்பிள்ளை."

"அப்ப சரி, உள்ள போறேன்."

நாற்பது நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். போய்க் கதவைத் திறந்தால் எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. வேறு யாரோதான் திறந்தார்கள். அவரைத் தூக்கி வந்தபோதும் சைரன் அடிக்கவில்லை. அதற்குள் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லாமல் போயிருந்தது.

தங்கை என் சட்டையைப் பிடித்து உலுக்கி, உனக்குத் தெரியுமா, தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். பொய் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை, ஐயா. திரையில் என்ன காட்டுகிறது என்றுதான் அவர் கேட்டார். மீட்டர் வேலை செய்கிறதா என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.