வெள்ளிக்கிழமை அளவு ஆயிரம் மடங்கு கூடிப்போன விதம்

பெயர்: பதினெட்டு வயது நிறையாதவள் என்பதால் தனித்தாளில் எழுதி உறையில் வைக்கப்பட்டுள்ளது. வீட்டிலும் பள்ளியிலும் கூப்பிடுவது: வாலு. வயது: பதினேழு. தொழில்: பள்ளிக் கடைசி ஆண்டு மாணவி. (“படிக்கிறியா?” என்று ஆய்வாளர் கேட்டார், “போறேன் சார்” என்று சொன்னேன்.) முகவரி: பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் உள்ள மூன்று மாடிக் கட்டடம், இரண்டாம் தளம், படியேறியதும் இடப்பக்கக் கதவு.

மேற்படி முகவரியில் அக்காவுடனும் அக்கா கணவரான மாமாவுடனும் வசித்து வருகிறேன். இன்று செவ்வாய்க்கிழமை காலை நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன். பெரியவர் ஒருவர் கூட வேண்டும் என்று திருப்பி அனுப்பியதால் அக்காவை அழைத்துக்கொண்டு மறுபடியும் வந்தேன். எழுத்தர் காலையிலிருந்து நான்கு வாக்குமூலம் எழுதிக் கை மரத்துப்போய்விட்டது என்றும், நான் பேசுகிற வேகத்துக்கு அவருக்கு இன்னொரு கை முளைக்க வேண்டும் என்றும் சொன்னதால், இதை என் கையாலேயே எழுதுகிறேன். இதே விஷயத்தை வாசல் காவலரிடம் ஒரு முறை, எழுத்தரிடம் ஒரு முறை, ஆய்வாளரிடம் ஒரு முறை சொல்லிவிட்டதால், இதில் சிரிக்கும்படி இருந்த இடமெல்லாம் தேய்ந்துவிட்டது.

மாமா, வயர்லெஸ் நிலையங்களிலும் அலைபேசிக் கோபுரங்களிலும் போய் சிக்னல் அளக்கும் நிறுவனத்தில் களப்பணியாளர். அவரிடம் கையில் பிடிக்கும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் ஒன்று உள்ளது. காற்றிலோ கம்பியிலோ எந்த அலை எவ்வளவு பலத்தில் ஓடுகிறது என்று திரையில் கோடு போட்டுக் காட்டும் கருவி அது. செங்கல் பருமன், இரண்டரைக் கிலோ எடை. வேலை முடிந்து வந்தால் மாமா அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவார் என்பதால் அதற்கு ‘சக்களத்தி’ என்று பெயர் வைத்தவள் நான். அக்காவும் அப்படியே கூப்பிடுவாள், ஆனால் சிரிக்காமல்.

சக்களத்தியின் விவரக்குறிப்புத் தாள் எங்கள் சாப்பாட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடப்பதால் எனக்கு அது மனப்பாடம். ஒன்பது கிலோஹெர்ட்ஸிலிருந்து ஆறு கிகாஹெர்ட்ஸ் வரை அளக்கும். பேட்டரி நான்கு மணி நேரம் தாங்கும். தாளில் போட்ட துல்லியம் வேண்டுமென்றால் அரை மணி நேரம் ஓடிச் சூடாக வேண்டும். உள்ளே விடக்கூடிய அதிகபட்ச சக்தி ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு, அதற்கு மேல் போனால் உள்ளிருப்பது கருகிவிடும். கண்ணாடிக்கு அடியில் வேதியியல் புத்தகம் இருந்திருந்தால் நான் வேறு ஆளாகியிருப்பேன்.

கருகாமல் இருப்பதற்காக, கருவியின் வாயில் கட்டைவிரல் அளவுள்ள ஓர் உலோகக் குமிழைத் திருகி வைத்திருப்பார்கள். அட்டெனுவேட்டர் என்று பெயர். நான் வைத்த பெயர் மூக்குத்தி. வருகிற சக்தியை அது ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்து உள்ளே அனுப்பும். கருவி அதை மறுபடி ஆயிரத்தால் பெருக்கி உண்மையான அளவைக் காட்டும்படி மாமா அமைத்து வைத்திருப்பார்.

கடந்த வியாழக்கிழமை மாலை மாமா குளிக்கப் போயிருந்தபோது நான் மூக்குத்தியைக் கழற்றிவிட்டு, அவருடைய பெட்டியிலிருந்து அதே பருமனுள்ள வெறும் இணைப்பானை எடுத்து அந்த இடத்தில் திருகினேன். பார்த்தால் இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கும், உள்ளே ஒன்றும் கிடையாது. மாமா தினமும் காலையில் வீட்டு மேசையில் கருவியை அரை மணி நேரம் ஓடவிட்டு, அளவு தெரிந்த சின்னப் பெட்டி ஒன்றோடு கோத்துச் சரிபார்த்த பிறகுதான் கிளம்புவார். அப்போது அளவு ஆயிரம் மடங்காக எகிறும், அவர் நாற்காலியோடு எகிறுவார், “சக்களத்தி கோவிச்சுக்கிட்டு மூக்குத்தியைக் கழட்டிட்டா மாமா” என்று சொல்லிக் கையில் கொடுக்கலாம் என்பது என் திட்டம்.

அதன் பிறகு அதே மாலையில் கருவியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போய், அதில் சின்ன ஆன்டெனாவை மாட்டி, மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது திரையில் எழும் மேட்டைப் பார்த்து, மேல்வீட்டு அத்தையிடம் “இப்போ சூடு பண்றீங்க... இப்போ நிறுத்திட்டீங்க” என்று கீழிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் “அடிப்பாவி, என் சமையக்கட்டுல கேமரா வெச்சிருக்கியா?” என்று கரண்டியோடு இறங்கி வந்தார். இதில் இரண்டு மணி நேரப் பேட்டரி தீர்ந்தது. அதைச் சார்ஜில் போட மறந்துவிட்டேன். அது விளையாட்டில் சேராது, வெறும் மறதி.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு மாமாவுக்கு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அழைப்பு வந்தது. வயர்லெஸ்ஸில் கரகரப்பு ஏறி முகவரி காதில் விழாமல் ஒரு வண்டி வேறு தெருவுக்குப் போய்விட்டதாகவும், இடுப்பு எலும்பு முறிந்த ஒருவர் நாற்பது நிமிடம் தரையில் கிடந்ததாகவும் சொன்னார்கள். முந்தின நாள் மூன்று கோபுரம் ஏறி வந்த மாமா பாதித் தூக்கத்தில் எழுந்தார். பேட்டரி பாதிதான் இருந்தது. அரை மணி நேரம் சூடாக்கி வீணடித்தால் தெருவில் நின்றுவிடும் என்று சரிபார்க்காமலே கிளம்பினார். எட்டு வருடத்தில் அவர் சரிபார்க்காமல் போனது அன்று ஒரு நாள்தான் என்று அக்கா சொல்கிறாள். நான் அப்போது தூங்கிக்கொண்டிருந்தேன்.

கரகரப்பு அதிகமாக இருந்த தெருவில், கட்டடத்தின் அடித்தளத்தில் சலவைக் கடை இருக்கிறது. அங்கே போன் எடுக்காது என்பதால் கடைக்காரர் சிக்னல் பூஸ்டர் ஒன்றைச் சுவரில் மாட்டியிருந்தார். அதிலிருந்து வெளியே வரக்கூடிய சக்தி நூறில் ஒரு பங்கு வாட் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது. காலை பத்து மணிக்கு மாமா அதன் கம்பியைக் கழற்றி அனலைசரில் கோத்துப் பார்த்தபோது பத்து வாட் என்று காட்டியது. கரகரப்புக்கு அதுதான் காரணம் என்று மாமா அறிக்கை எழுதினார், நிறுவனம் அனுப்பியது, மதியம் கடைக்குப் பூட்டுப் போட்டுக் கடைக்காரரை நிலையத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஆய்வாளர், மூக்குத்தி வெள்ளிக்கிழமை காலை கருவியில் இல்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். அன்று காலை அதை ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுப் பள்ளிக்குக் கொண்டுபோயிருந்தேன். முதல் வகுப்பில் அதை மேசைமேல் பம்பரமாகச் சுற்றியதற்காகக் கணக்கு டீச்சர் பிடுங்கிக்கொண்டார். டீச்சர் பிடுங்குகிற எதற்கும் நோட்டில் நேரம் எழுதுவார். ‘உலோகக் குமிழ் ஒன்று, 9.10, வழக்கமான ஆள்’ என்று எழுதியிருக்கிறது. நேற்றுத்தான் திருப்பிக் கொடுத்தார். குமிழையும் அந்தப் பக்கத்தின் நகலையும் ஒப்படைத்துள்ளேன். ஆகவே பத்து மணிக்குப் பூஸ்டருக்கும் அனலைசருக்கும் நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. நிஜமாகவே பத்து வாட் வந்திருந்தால், பத்தில் ஒரு பங்கு வாட்டுக்கு மேல் தாங்காத கருவி அந்த இடத்திலேயே கருகியிருக்கும். சக்களத்தி நன்றாக இருக்கிறாள். பத்தை ஆயிரத்தால் வகுத்தால் வருவது நூறில் ஒரு பங்கு, அதாவது பெட்டியில் அச்சிட்டிருப்பது. ஆய்வாளர் இதைக் கால்குலேட்டரில் இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமா வந்து பத்து வாட் என்று சொன்ன நிமிடமே எனக்கு விளங்கிவிட்டது. அக்கா “ஒரு ஆளையே பிடிச்சுட்டீங்களா!” என்று பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்ததால் வாயைத் திறக்கவில்லை. சனிக்கிழமையும் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் கட்டுப்பாட்டு அறையிலிருந்து மறுபடி கூப்பிட்டு, கடையைப் பூட்டியும் கரகரப்பு அப்படியே இருக்கிறது என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம், அக்கா துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தபோது, மாமாவிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. கருவியை எடுத்து வாயைத் திருகிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். “நான் செக் பண்ணியிருக்கணும்” என்றார். அதன் பிறகு “அறிக்கையில என் கையெழுத்து இருக்கு, வாலு. நாளைக்குப் பேசறேன்” என்றார். திங்கட்கிழமை வேலை முடிந்து வந்ததும் “பேசினீங்களா மாமா?” என்று கேட்டேன். “நாளைக்கு” என்றார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

இன்று நான் விசாரணைக்காகக் காத்திருந்த பெஞ்சுக்கு எதிர்ப் பெஞ்சில் சலவைக் கடைக்காரரை உட்கார வைத்திருந்தார்கள். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. “பாப்பா, இன்னைக்குச் செவ்வாயா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். வெள்ளிக்கிழமை பூட்டும்போது ஐந்து மெஷினிலும் ஈரத்துணி கிடந்தது, யாரும் எடுக்கவிடவில்லை, “இந்நேரம் நாத்தம் பிடிச்சிருக்கும், ஊர்த்துணிம்மா, எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்க” என்றார்.

கடைசியாக ஆய்வாளர், அறிக்கை தவறு என்பது உங்கள் மாமாவுக்குத் தெரியுமா, தெரியும் என்றால் எப்போதிலிருந்து, என்று கேட்டார். நான் பேனாவை வைத்துவிட்டேன். தெரியாது என்று எழுதினால் விளையாட்டு என்னோடு முடியும். தெரியும் என்று எழுதினால் மாமாவை வரவழைத்து அறிக்கையை இன்றே திரும்பப் பெறவைக்கலாம், ஆனால் அவருடைய வேலை போகலாம் என்று ஆய்வாளரே சொன்னார். தெரியாது என்று எழுதினால் சலவைக் கடைக்காரர் இன்னும் எத்தனை நாள் அந்தப் பெஞ்சில் இருப்பார் என்று நான் கேட்டேன். கருவியை மேலே அனுப்பிப் பரிசோதித்து முடிவு வரும்வரை என்றார். எத்தனை நாள் என்று மறுபடி கேட்டேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். அதுவரை வாய் திறக்காத அக்கா கைப்பையை மடியிலிருந்து தரையில் இறக்கி வைத்துவிட்டு, “ஞாயித்துக்கிழமைலேர்ந்து தெரியும்னு எழுது” என்றாள். நான் அவளைப் பார்த்தேன். “எனக்கும் தெரியும்னு சேர்த்து எழுது. மாடியிலேர்ந்து இறங்கும்போது கேட்டுட்டேன். மூணு நாளா நானும் உன் மாமாவும் ஒரே தட்டுல பொய் சாப்பிட்டுட்டு இருக்கோம்” என்றாள். ஆகவே எழுதுகிறேன்: மாமாவுக்கு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தெரியும், அக்காவுக்கும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தெரியும், எனக்கு வெள்ளிக்கிழமையிலிருந்து தெரியும்.

இதில் உள்ளவை அனைத்தும் நடந்தவை, கூட்டவில்லை, குறைக்கவில்லை. எழுதியதை நானே உரக்கப் படித்துக் காட்டினேன், எழுத்தர் ஆறு இடத்தில் எழுத்துப்பிழை திருத்தினார், பொருள் எதையும் மாற்றவில்லை. சரி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) வாலு என்கிற மேற்படியாள்

பொறுப்பாளராக உடனிருந்தவர்: (ஒப்பம்) அக்கா. கையெழுத்திட்ட பிறகு மாமாவுக்கு போன் செய்து, “கிளம்பி வாங்க, நாளைக்கு இல்லை, இப்போ” என்று சொன்னதையும் பதிவு செய்யச் சொன்னார். பதிவு செய்யப்பட்டது.