மறைந்த ஆண்டு

அந்தப் புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்து வைக்காதீர்கள், ஐயா. முதுகு உடைந்துவிடும். தைத்துக் கட்டியதுதான் என்றாலும், புதிதில் கொஞ்சம் பக்குவமாகக் கையாள வேண்டும்.

நன்றி. கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். முப்பத்தோரு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். ஊரார் எழுதியதைப் படித்தே கண் போனது. ஓய்வு பெற்றதும் ஓவியர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனேன். இவருக்கு ஓவியத்தைப் பற்றி என்ன தெரியும் என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்கள் உண்டு. தெரியாதுதான். என் மகள் ஓவியர். அவளுக்கு ஒரு வழி பிறக்கட்டும் என்றுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அவளுக்கு முப்பத்து நான்கு முடியப்போகிறது. வளரும் ஓவியர்கள் வேண்டும் என்று யார் கூப்பிட்டாலும் முப்பத்தைந்தில் கதவைச் சாத்திவிடுகிறார்கள். ஆறு இடத்துக்குப் படங்கள் அனுப்பினாள். ஆறும் போன வேகத்தில் திரும்பின. கடைசியாக வந்த பார்சலை அவள் பிரிக்கவே இல்லை, அதன்மேல் துணி மடித்து வைக்க ஆரம்பித்தாள். அறையின் திரையை விலக்குவதில்லை. ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்: "இன்னும் ஒரே ஒரு தடவைதான்ப்பா. அதுவும் போச்சுன்னா நான் பிரஷ்ஷைத் தொடமாட்டேன். அப்புறம் என்ன செய்வேன்னு எனக்கே தெரியல."

பெற்றவனுக்கு அதற்குப் பிறகு சோறு இறங்குமா? எனக்குப் பயமாக இருந்தது. அவள் குளியலறையில் ஐந்து நிமிடம் அதிகம் இருந்தால் கதவுக்கு வெளியே நின்று தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்பேன்.

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்று எழுதியது. இங்கிருந்து ஒன்பது புதிய ஓவியர்களைத் தங்கள் மக்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். படங்களையும் குறிப்புகளையும் நாங்கள் அனுப்ப வேண்டும். புத்தகத்தை அவர்கள் அச்சிடுவார்கள். தேர்வுக் குழு என் மகளையும் சேர்த்தது. நான் அந்தக் கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. அவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

ஒன்பது பேரில் ஒருவன் தகரம். துருப்பிடித்த தகரத்தில் வரைவான், அதனால் அந்தப் பெயர். ஒவ்வொன்றின் மூலையிலும் வரைந்த தேதியை ஆணியால் கீறி வைப்பான். கெட்டிக்காரன், ஆனால் பொறுப்பு கிடையாது. எட்டுப் பேரும் குறிப்பு அனுப்பிவிட்டார்கள், இவனிடமிருந்து மூச்சுப் பேச்சில்லை. ஒரு மாதம் அழைத்தேன். ஒருநாள் ஒரு பெண் எடுத்தாள். அழுதுகொண்டிருந்தாள். "அவரு போயிட்டாருங்க. லாரி அடிச்சிருச்சு. நேத்துதான் எல்லாம் முடிஞ்சுது" என்றாள். துக்கத்தில் இருப்பவளிடம் யார், என்ன என்று குடைவது மரியாதையா? ஆறுதல் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஒற்றைப் புள்ளி விட்டுப்போனாலும் மூன்று தடவை பார்க்கிற ஆள், அன்றைக்கு ஒரு பெயரைக் கேட்கவில்லை.

குறிப்பில் அவன் பிறந்த ஆண்டுக்குப் பக்கத்தில் கோடு போட்டு மறைந்த ஆண்டையும் எழுதினேன். கூடவே ஒரு அஞ்சலி. பத்து வரிதான் நினைத்தேன், நான்கு பக்கம் வந்தது. எழுதும்போது கண்ணில் தண்ணீர் வந்தது, ஐயா. அவனோடு நான் சேர்ந்தாற்போல பத்து நிமிடம் பேசியதில்லை. எங்கிருந்து வந்ததோ அவ்வளவும். அருங்காட்சியகத்து அம்மாள் பதில் போட்டார்: மொத்தக் கண்காட்சிக்கும் இதுதான் இதயம், புத்தகத்தில் முதலாவதாக வைக்கிறோம், முதல் அறையும் அவருக்கே. அந்தக் கடிதத்தை அச்செடுத்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். மகளுக்குக் காட்டத்தான்.

பெட்டிகள் கப்பலேற இரண்டு வாரம் இருக்கும்போது தகரம் வந்து நின்றான். பகல் பதினொரு மணி. கையில் ஒரு பை, தோளில் சுருட்டிய போர்வை. ஏதோ அணைக்கட்டு வேலைக்குப் போயிருந்தானாம். போனைப் பக்கத்து அறைக்காரனுக்குக் கொடுத்துவிட்டுப் போனானாம். லாரியில் அடிபட்டது அந்த ஆள்.

புத்தகத்தின் மாதிரிப் பிரதியைக் காட்டினேன். தன் பக்கத்தைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "உயிரோட இருந்தப்ப ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. செத்ததும் முதல் ரூமா?"

நான் சிரிக்கவில்லை. செத்தவன் எழுந்து வந்துவிட்டான் என்றால் அவர்கள் நம்மை ஏமாற்றுக்காரர்கள் என்று நினைப்பார்கள், கண்காட்சியே நின்றுபோகும், ஒன்பது பேருக்கும் வாயில் மண் விழும் என்று எடுத்துச் சொன்னேன். என் மகளைப் பற்றியும் சொன்னேன். அவன் முகம் மாறியது. நல்ல பையன்தான். "சரி சார், மூணு மாசந்தானே, செத்தே கிடக்குறேன்" என்றான். சங்கத்தின் பின்பக்கக் கிடங்கில், பெட்டிகளுக்குப் பின்னால் படுக்கை போட்டுக் கொடுத்தேன். வேளாவேளைக்குச் சாப்பாடு நானே கொண்டுபோனேன். ஒருநாள்கூட ஆறிப்போனதைக் கொடுத்ததில்லை.

எட்டு நாள் சமர்த்தாக இருந்தான். ஒன்பதாம் நாள் காலையில் சொன்னான்: "சார், முடியல. எங்க அக்காவுக்கு யாரோ புஸ்தகத்தைப் பத்திச் சொல்லி, அது அங்க அழுதுட்டு கெடக்குதாம். நேத்து ராத்திரி வெளிய போய் நானே அந்த மியூசியத்து அம்மாவுக்கு மெயில் போட்டுட்டேன். உங்களப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை எழுதல. கோவிச்சுக்காதீங்க."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. கைக்கு எட்டியது என் பிள்ளை வாய்க்கு எட்டாமல் போகிறதே என்றுதான் நினைத்தேன். அக்காவைப் பார்க்க மாலை பஸ்ஸுக்குப் போகலாம், சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படு என்றேன். தலையாட்டினான்.

கப்பலில் போகும் மரப்பெட்டிகளுக்குப் பூச்சிமருந்துப் புகை போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த நாட்டில் இறக்கவே விடமாட்டார்கள். காலிப் பெட்டிகளைக் கிடங்கில் அடுக்கி, கதவு ஜன்னல் இடுக்கையெல்லாம் ஒட்டி அடைத்து, மறுநாள்தான் திறப்பார்கள். அதற்கான ஆட்கள் அன்றைக்கு இரண்டு மணிக்கு வருவதாக ஏற்பாடு. தேதியை நான் மாற்றவில்லை, அது முன்பே குறித்தது. தகரம் சாப்பிட்டால் அடித்துப் போட்டதுபோல் தூங்குவான். அன்றைக்கு இரண்டு மடங்கு சாப்பாடு வாங்கிப்போனேன்.

வந்தவர்களில் மூத்தவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். ஆள் உயரத்துக்குப் பெட்டிகள். "உள்ள யாரும் இல்லையே சார்? பாத்துட்டீங்களா?" என்று கேட்டார்.

"பாத்துட்டேன். யாரும் இல்ல" என்றேன்.

படிவத்திலும் கையெழுத்துப் போட்டேன். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அவர்களை முன்கூடத்துக்குத் தேநீர் குடிக்க அழைத்துப்போனேன். மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று நான் மட்டும் திரும்பி வந்தேன். ஆமாம், தட்டினான். முதலில் வேகமாக, பிறகு விட்டு விட்டு. என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை, "சார்" என்றுதான் கூப்பிட்டான். ஒன்பது தடவை. எதையும் எண்ணிப் பார்ப்பது என் தொழில் பழக்கம். கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய் அவர்களுக்குப் பிஸ்கட் கொடுத்தேன்.

மறுநாள் எல்லோரும் பதறினார்கள். படுக்க இடமில்லாத யாரோ புகுந்து படுத்துவிட்டான் என்று எழுதிக்கொண்டார்கள். அடையாளம் தெரியாது என்று நானும் சொன்னேன். அந்த இரண்டு தொழிலாளிகளும் வேலை இழந்தார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கண்காட்சிக்கு மகள் போனாள். அவளுடைய மூன்று படங்களும் இரண்டாம் அறையில் தொங்கின. போனில் அவள் குரலைக் கேட்டு நான் அழுதேன். திரும்பி வந்தவள், கப்பலேறாமல் மிஞ்சிய காலிப் பெட்டிகளை ஒழுங்கு பண்ணுகிறேன் என்று கிடங்குக்குள் போனாள். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு தகர மூடி சொருகிக் கிடந்திருக்கிறது. அதில் என் முகம். சாப்பாட்டுப் பையோடு நிற்கிறேன், சிரித்த முகமாக. அழகாகத்தான் வரைந்திருந்தான். மூலையில் தேதி கீறியிருந்தான். அவன் செத்ததாக நான் எழுதி அனுப்பிய பிறகு இரண்டு மாதம் கழித்து வரும் தேதி. அவள் அதை நேராக உங்களிடம் கொண்டுவந்துவிட்டாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளா? உள்ளே வரமாட்டேன் என்கிறாளா? பரவாயில்லை. எல்லாம் அவளுக்காகத்தான் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அவளுக்குக் குழந்தை பிறந்தால் புரியும்.

கம்ப்யூட்டரில் இருந்த கடிதமா? ஆமாம், அருங்காட்சியகத்து அம்மாளின் பதில் புகை போட்ட அன்றைக்குக் காலையிலேயே சங்கத்துக்கு வந்திருந்தது. பத்தேகாலுக்குத் திறந்தேன் என்றால் பத்தேகாலாகத்தான் இருக்கும். பத்து நாற்பதுக்கு, யாரோ விஷமி எழுதியிருக்கிறான், ஓவியர் மறைந்தது உறுதி என்று பதில் போட்டதும் நான்தான். அவர்கள் எழுதியதை நீங்கள் படிக்க வேண்டாம், எனக்கு மனப்பாடம். ஓவியர் உயிரோடிருப்பதில் அளவில்லா மகிழ்ச்சி. இப்படிப்பட்ட தவறு யாருக்கும் நேரும். கண்காட்சி குறித்த நாளில் நடக்கும், மற்ற எட்டுப் பேருக்கும் எந்த மாற்றமும் இல்லை.

என் மகளுக்கு ஒன்றும் ஆகாது என்று அதில் இருந்தது உண்மைதான், ஐயா. ஆனால் அடுத்த வரியைப் பாருங்கள். அஞ்சலியை எடுத்துவிட்டு மறுபடி அச்சிடுகிறோம் என்று எழுதியிருந்தார்கள், நான்கு பக்கத்தையும். என் அஞ்சலியை நீங்களே படித்துப் பாருங்கள், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும். அதில் ஒரு பிழை கிடையாது.