முள் நாற்பதில்தான் இருந்தது

உங்கள் சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் பின்னால் ஓடுகிறது, ஐயா. குறையாகச் சொல்லவில்லை. காவல் நிலையத்துக்குள் வந்து உட்கார்ந்தவனுக்கு நேரம் மெதுவாகத்தான் போகும், பொருத்தமாகவே இருக்கிறது. என் அண்ணன் கண்ணில் பட்டிருந்தால், நாற்காலி போட்டு ஏறி, நாம் பேசி முடிப்பதற்குள் சரிசெய்துவிட்டு இறங்கியிருப்பார். நான் ஸ்பீடோமீட்டர்க்காரன். அடுத்தவர் தொழிலில் கை வைப்பதில்லை.

விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். நிபுணர் ஒருவர் வந்து காரின் மீட்டரைக் கழற்றிப் பார்த்து, ஒரு குறையும் இல்லை, துல்லியமாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராமே. அதில் ஒரு நகல் கிடைத்தால் கடையில் மாட்டிக்கொள்வேன். ஆனால் நீங்கள் மட்டும் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். மீட்டர் அவ்வளவு சரியாக இருந்தும், நாற்பதைத் தாண்டாத மனிதர் வளைவில் எப்படிப் பாதையை விட்டார் என்று. மீட்டர் சரியாக இருந்ததால்தான், ஐயா. இதைப் புரியவைக்க ஒன்பது வருடம் பின்னால் போகவேண்டும். உங்கள் பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் கடைவீதியில் பிறந்து வளர்ந்தவன். அப்பாவுக்கு ஜவுளிக்கடை, பெரியப்பாவுக்குப் பாத்திரக்கடை, சித்தப்பாவுக்கு இரும்புக்கடை. மற்ற வீடுகளில் குழந்தைக்குப் பேசக் கற்றுக்கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் பேசாமல் இருக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பேரத்தில் முதலில் வாய் திறக்கிறவனுக்குத் தோல்வி. அப்பா எனக்கு விட்டுப்போன சொத்து இது ஒன்றுதான். கடை, கடன்காரர்களோடு போய்விட்டது.

என் கல்யாணப் பேச்சு நடந்த அன்று அப்பாவும் என் மாமனாரும் எதிரெதிரே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் அதிகம் என்றார் இவர். ஆமாம், அதிகம்தான் என்றார் அவர். மறுபடி வெயில். கடைசியில் உள்ளேயிருந்து பெண்ணே வெளியே வந்து, "யாராவது ஏதாவது சொல்லுங்க, எனக்கு உள்ள வேலை கிடக்கு" என்றாள். கல்யாணம் முடிந்தது, பேரம் முடியவில்லை. அப்பா காலமான பிறகு அவருடைய இடத்தில் நான் உட்கார்ந்தேன்.

மாமனார் எங்கள் வியாபாரிகள் சங்கத்தின் தலைவர். அந்தக் கார் அவருடைய அப்பா வாங்கியது. பாட்டில் பச்சை நிறம், அறுபது வயது, முன்னால் ஒரே நீள இருக்கை. வீட்டிலிருந்து கடைவீதிக்கும் கடைவீதியிலிருந்து வீட்டுக்கும் அதில்தான் வருவார், போவார். வேகம் எப்போதும் நாற்பது. நாற்பதுக்கு மேல் போகிறவன் திருடன், கீழே போகிறவன் சோம்பேறி என்பார். சாலையைப் பார்ப்பதைவிட முள்ளைத்தான் அதிகம் பார்ப்பார்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒருநாள் அந்தக் காரில் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். முள் நாற்பதைக் காட்டியது. வெளியே மரங்கள் அவ்வளவு அவசரமாகப் போகவில்லை. மைல்கல்லையும் கைக்கடிகாரத்தையும் வைத்துப் பார்த்தேன். நிஜ வேகம் முப்பத்தாறு. மீட்டருக்குள்ளே தலைமுடி போல ஒரு சுருள்வில் இருக்கிறது, ஐயா. முள் எகிறிவிடாமல் பின்னால் இழுத்துப் பிடிப்பது அதுதான். வயதானால் தளர்ந்துவிடும். தளரத் தளர முள் வாய்க்கு வந்ததைச் சொல்லும். ஓடிய கிலோமீட்டரை எண்ணுகிற பகுதி வேறு. அது சரியாகவே எண்ணிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அரை மணி நேர வேலை. ஆனால் அவர் கேட்கவில்லை. கேட்காதவரிடம் போய், உங்கள் சாமானில் குறை இருக்கிறது, நான் சரிசெய்கிறேன் என்று நிற்பது எங்கள் வீதியில் பிச்சைக்குச் சமம். கேட்கட்டும் என்று விட்டேன்.

வில் வருடா வருடம் தளர்ந்தது. முப்பத்தாறு முப்பத்திரண்டாகி, இருபத்தெட்டுக்கு வந்து நின்றது. மாமனார் நாற்பதில் போகிறோம் என்ற நிம்மதியோடு இருபத்தெட்டில் போய்க்கொண்டிருந்தார். சைக்கிள்காரர்கள் ஒட்டி வந்தால், "பசங்க இப்பெல்லாம் சைக்கிளையே நாப்பதுல மிதிக்கிறானுங்க" என்று வியப்பார். இதில் யாருக்கும் நஷ்டமில்லை, என் அண்ணனைத் தவிர.

அண்ணனுக்குக் கடிகாரக் கடை. எனக்கும் அவருக்கும் ஒரே கடை, நடுவே மரத்தடுப்பு. மாமனார் கைக்கடிகாரம் வாங்குவது அவரிடம்தான். ஒருநாள் வந்து கடிகாரத்தைக் கழற்றிக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தார்.

"கடிகாரக்காரரே, இது ஓடுதா, பறக்குதா?"

"ஏங்க, என்னாச்சு?"

"எங்க வீட்டுலேருந்து இங்க எட்டு கிலோமீட்டர். வண்டியே எண்ணிச் சொல்லுது. நாப்பதுல வந்தா பன்னெண்டு நிமிஷம். உங்க வாட்ச் பதினஞ்சுங்குது. யாரு பொய் சொல்றது, என் காரா?"

"மீட்டரைத் தம்பிகிட்ட ஒரு தடவை காட்டிப் பாருங்களேன்."

"அது எங்கப்பா காலத்துலேருந்து ஓடுது. இது போன மாசம் வாங்கினது. எதை நம்பணும்னு எனக்குத் தெரியாதா?"

அண்ணன் தடுப்புக்கு மேலாக என்னைப் பார்த்தார். "சொல்லேண்டா" என்றார். நான் கண்ணில் பூதக்கண்ணாடியோடு ஒரு திருகாணியை மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தேன். மாமனார் போன பிறகு, "அவரே கேட்கட்டும்ணே" என்றேன்.

அவர் கேட்கவில்லை. கடிகாரத்தை மாற்றினார். பிறகு அதையும் மாற்றினார். மொத்தம் பதினோரு கடிகாரம். பன்னிரண்டாவதுக்குப் பதில் சங்கக் கூட்டத்தைக் கூட்டினார்.

கடைவீதி மணிக்கூண்டுக்குச் சாவி கொடுப்பது பத்தொன்பது வருடமாக என் அண்ணன்தான். தினமும் காலையில் எழுபத்திரண்டு படி ஏறிச் சாவி கொடுத்து இறங்குவார். அந்தச் சாவி இடுப்பில் இருக்கிறது என்பதற்காகவே சட்டையை உள்ளே விட்டுக்கொள்வார். மணிக்கூண்டும் தன் காருக்கு விரோதமாக ஓடுகிறது என்று மாமனார் கூட்டத்தில் சொன்னார். இருபத்துமூன்று பேர் கையைத் தூக்கினார்கள். பாதிப்பேர் அவருடைய கட்டடத்தில் வாடகைக்கு இருப்பவர்கள். மீதிப்பேர் பக்கத்தில் இருப்பவர் தூக்கினால் தூக்குகிறவர்கள். அண்ணன் சாவியை அவிழ்த்து மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார். மணியே தெரியாத ஆள் என்று சங்கமே சொன்ன பிறகு அவரிடம் யார் கடிகாரம் வாங்குவார்கள்? ஏழு மாதம் அவர் பக்கத்துக் கதவு மணி அடிக்கவேயில்லை. தானே வாங்கிவந்து தானே துடைத்துக்கொண்டிருந்தார்.

சாவி போன அந்த வாரமே தடுப்பைச் சுற்றி என் பக்கம் வந்து நின்றார்.

"நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்டா."

"அவரா வந்து கேட்டாத்தாண்ணே நமக்கு மரியாதை."

"யாருக்கு? எனக்கா, உனக்கா?"

நல்ல கேள்வி. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

போன மாதம் மீட்டர் கேபிள் அறுந்தது. முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. முள் இல்லாமல் அவரால் ஓட்ட முடியவில்லை. ஓட்டுநரை வைத்துக் கொண்டுவந்து கடை முன்னால் நிறுத்தி, உள்ளேயே இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார். நான் துடைத்த கண்ணாடியையே துடைத்தேன். இறங்கி வந்தார். வெயில் அதிகம் என்றார். ஆமாம் மாமா, அதிகம்தான் என்றேன். கடைசியில் அவர்தான் சொன்னார்.

"கேபிள் அறுந்துபோச்சு மாப்பிள்ளை. மாத்திக் குடுங்க."

அவ்வளவுதான். மீட்டர் எப்படி இருக்கிறது என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். ஒன்பது வருடம் காத்திருந்தவன் இன்னும் ஒன்பது நிமிடம் காத்திருந்தேன். ஓட்டுநரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

கேபிளை மாற்றினேன். கூடவே சுருள்வில்லையும் மாற்றினேன், இலவசமாக. அதை என் மனைவியிடம் சொன்னபோது அவள் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு, "உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். எங்கள் குடும்பத்தில் இலவசம் என்பது ஒரு நோய்க்குறி.

பிறகு முறைப்படி ஓட்டிப் பார்த்தேன். முள் நாற்பது என்றால் கார் நாற்பது. மயிரிழை வித்தியாசமில்லை. மாமனார் வீட்டுப் பக்கம் போகும் வழியில் மெத்தைக்கடை வளைவு இருக்கிறதே, அந்தத் திசையில் இறக்கம், அங்கே முப்பத்தாறில் திருப்பினேன். பின்சக்கரம் ஒரு முழம் வழுக்கியது. பக்கத்து இருக்கைக் கதவு தானாகத் திறந்து மூடிக்கொண்டது. வேலைப் புத்தகத்தில் எழுதிவைத்தேன்: "வளைவு, இறக்கம், 36க்கு மேல் ஆகாது. கதவுக் கொக்கி தேய்ந்திருக்கிறது." அந்தப் புத்தகத்தை நீங்கள் எடுத்துப் போயிருக்கிறீர்கள். கையெழுத்து என்னுடையதுதான். கொக்கியை ஏன் சரிசெய்யவில்லை என்று கேட்பீர்கள். அது என் தொழில் இல்லை.

அந்த வாரம் முழுதும் அவள் அப்பா காரில் ஏறவேண்டாம் என்று மனைவியிடம் சொன்னதும் உண்மை. புது வில் படிய நாளாகும் என்று காரணம் சொன்னேன். 'குடும்பத் துக்கத்தை முன்னிட்டு கடை விடுமுறை' என்ற பலகை, விபத்துக்கு நான்கு நாள் முன்னரே எழுதப்பட்டிருக்கிறது என்று உங்கள் ஏட்டு கண்டுபிடித்தாராம். கெட்டிக்காரர். ஆனால் சாமான் தேவைப்படும்போது தேடுகிறவன் வியாபாரியா, ஐயா? தேதி எழுதுகிற இடத்தைக் காலியாகத்தான் விடச் சொல்லியிருந்தேன்.

சனிக்கிழமை காரை எடுக்க ஓட்டுநரோடு வந்தார்; சனிக்கிழமை நல்ல நாள் இல்லை, திங்கள் முதல்தான் தானே ஓட்டுவாராம். ஓட்டுநர் முள்ளைப் பார்க்காமல் சாலையைப் பார்த்து ஓட்டுபவர். "சரியா இருக்கா மாப்பிள்ளை?" என்றார்.

"இவ்வளவு சரியா என்னிக்குமே இருந்ததில்ல மாமா" என்றேன்.

இதில் பொய் எங்கே இருக்கிறது, காட்டுங்கள். முன்பு எப்படி இருந்தது என்று அவர் கேட்டிருக்கவேண்டும்.

திங்கட்கிழமை காலை கார் கடைவீதிக்குள் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே வந்தது. வரும்போது அந்த வளைவு ஏற்றம். ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். மாமனார் இறங்கியதும் நேரே அண்ணன் பக்கம் போய்க் கையை நீட்டினார், மணிக்கட்டைக் காட்டி.

"பன்னெண்டு நிமிஷம். கரெக்டா பன்னெண்டு. எப்படிய்யா சரி பண்ணுனீரு?"

அண்ணன் அந்தக் கடிகாரத்தைத் தொட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு நொடி முழித்தார். பிறகு தடுப்புக்கு மேலாக என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, பாதி.

"வண்டியும் சும்மா காத்து மாதிரி வருது. கேபிள் புதுசு, அதான்" என்றார் மாமனார். சங்க உறுப்பினர்களைக் கூப்பிட்டார். எல்லோர் முன்னாலும் மணிக்கூண்டுச் சாவியை அண்ணன் கையில் கொடுத்து, "நாந்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். இருபத்துமூன்று கையும் தட்டின. அண்ணன் எழுபத்திரண்டு படியும் ஓடி ஏறினார். வாட்ச்மேன் நினைத்தபோது சாவி கொடுத்து வைத்திருந்த மணிக்கூண்டை நொடி பிசகாமல் சரியாக வைத்துவிட்டு இறங்கினார். ஐம்பத்தாறு வயது மனிதர், மூச்சு வாங்குவதைக்கூட மறந்து சிரித்தார். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டார்.

"ஏறுங்க கடிகாரக்காரரே, இன்னிக்கு எங்க வீட்டுலதான் சாப்பாடு" என்றார் மாமனார்.

நான் கடை வாசலில் நின்றிருந்தேன். என் கணக்கில் அண்ணன் இல்லை, ஐயா. அதை நீங்கள் நம்பவேண்டும். மாமனார் மட்டும்தான் இருந்தார். அண்ணன் ஒரு காலைக் காருக்குள் வைத்தபடி என் பக்கம் திரும்பினார். என் முகத்தில் என்ன கண்டாரோ.

"என்னடா, ஏதாவது சொல்லணுமா?"

சொல்லியிருந்தால் மாமனார் காதிலும் விழுந்திருக்கும். ஒன்பது வருடம் கட்டிக் காத்தது ஒரு வாக்கியத்தில் போயிருக்கும். மாமனார் முகத்தைப் பார்த்தேன். கேட்டுவிடுவார் போலத்தான் இருந்தது. முள்ளைத் தட்டிப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

"ஒண்ணுமில்லண்ணே. கதவை நல்லாச் சாத்திக்க" என்றேன்.

இதைத் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். எச்சரித்திருக்கிறேன்.

மீதி உங்களுக்குத் தெரியும். வளைவில் கதவு திறந்தது. அண்ணன் சாலையோரக் கல்தூணில் போய் விழுந்தார். கார் அவரை விட்டுவிட்டு மெத்தைக்கடைக்குள் நுழைந்தது; வாசலில் காயப்போட்டிருந்த பதினெட்டு மெத்தைகள் மாமனாரை ஏந்திக்கொண்டன. அவருக்குத் தோள்பட்டை எலும்பு மட்டும்தான். துக்கப் பலகையில் தேதியை நான் எழுதினேன். பெயருக்கு இடம் விடவில்லை, நல்லவேளை.

ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்துக்கொண்டு மாமனார் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்: "மாப்பிள்ளை வேலையைக் குறை சொல்லாதீங்க. முள் நாப்பதுலதான் இருந்துச்சு, என் கண்ணால பாத்தேன். வளைவைத்தான் யாரோ மாத்திட்டாங்க." அடுத்த கூட்டத்தில் வளைவைப் பற்றித் தீர்மானம் கொண்டுவரப் போகிறாராம். என் வேலையைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆக, செய்தது நான்தான். தெரிந்துதான் செய்தேன். மறைக்க ஒன்றுமில்லை, மறைத்தால் வேலையின் தரம் வெளியே வராமல் போய்விடும். நீங்களே பாருங்கள். மணிக்கூண்டுக்கும் அந்த வளைவுக்கும் சரியாக இரண்டு கிலோமீட்டர். நாற்பதில் போனால் மூன்று நிமிடம். அவர்கள் கிளம்பும்போது மணிக்கூண்டில் பதினொன்று பத்து, அண்ணன் கையாலேயே வைத்த மணி. அவர் கையிலிருந்து கழற்றி நீங்கள் சீல் வைத்திருக்கும் கடிகாரம் பதினொன்று பதின்மூன்றில் நின்றிருக்கிறது. தடுப்புக்கு இந்தப் பக்கத்து வேலையும் அந்தப் பக்கத்து வேலையும் இப்படி ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். ஒன்பது வருடத்தில் என்னிடம் வாய் திறந்து கேட்டவர் நீங்கள் ஒருவர்தான், ஐயா.